நூற்றிருபதில் ஒன்று

என் கணவன் என்னை அடிக்கத் தொடங்கியது ரயிலால் அல்ல. கல்யாணமான மூன்றாவது மாதம், குழம்பில் உப்பு கூடிப்போனதற்கு முதல் அறை விழுந்தது. அதற்குப் பிறகு சட்டை காயாததற்கு, அம்மா வீட்டுக்குப் போன் பேசியதற்கு, கேட்ட கேள்விக்குப் பேசாமல் இருந்ததற்கு. ரயில் பெட்டிகள் வீட்டுக்குள் வந்தபோது அடிக்க அவனுக்கு ஒரு நிரந்தரக் காரணம் கிடைத்தது, அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேள்விப்பட்ட பலரும், பொம்மை ரயிலால் ஒரு குடும்பம் கெட்டது என்றுதான் பேசினார்கள்.

அப்போது நான் விழுப்புரத்தில் ஒரு பல் லேபில் வேலை பார்த்தேன். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்செட் கட்டி, அக்ரிலிக்கில் வார்த்து, தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. கால் மில்லிமீட்டர் ஏறினால்கூட ஈறு புண்ணாகிவிடும். கண்டமங்கலம் பக்கத்தில் கூலி வேலை செய்யும் குடும்பம் எங்களுடையது. அதில் மல்லாட்டைக் காட்டில் வேர்க்கடலை பிடுங்கப் போகாமல் டிப்ளமோ படிக்கப் போன முதல் ஆள் நான். அந்தக் கால் மில்லிமீட்டர்தான் என்னுடைய படிப்பு.

ஒரு திங்கட்கிழமை, திண்டிவனத்து டாக்டர் ஒருவரிடமிருந்து வந்த டப்பாவில், மூன்று வாய் அச்சுகளுக்கு நடுவே பஞ்சில் சுற்றிய ஒரு பொருள் இருந்தது. கட்டைவிரல் அகலம், பேனா நீளம். அட்டையில் வெட்டி ஒட்டிய ரயில் பெட்டி. ஒவ்வொரு ஜன்னலிலும் மயிரிழை போல மூன்று கம்பிகள். கூடவே ஒரு சீட்டு: ‘இதற்கு அச்சு எடுத்து வார்த்துத் தர முடியுமா?’

போன் போட்டுக் கேட்டேன். "டாக்டர், இது யாரு வாய்க்கு?"

அவர் நெடுநேரம் சிரித்தார். மெல்லப் பேசுகிறவர். ஊசி போட்டால்கூட வலிக்காது என்று ஊரில் பெயர்.

"மீட்டர் கேஜ் பெட்டிம்மா. ஒன்னுக்கு நூத்தியிருபது. நிஜப் பெட்டி இதைவிட நூத்தியிருபது மடங்கு நீளம். இதுக்கு மேல பெரிய அளவு ஒன்னு இருக்கு, எல்லாரும் அதுலதான் பண்றாங்க. ஆனா அதுக்கு ஒரு ஹால் வேணும். அதுக்குக் கீழ ஒன்னு இருக்கு, அதுல கையால எதுவும் செய்ய முடியாது. எங்களோடது நடுவுல மாட்டிக்கினு இருக்கற அளவு. நம்ம ஊர் பெட்டிய இந்த அளவுல யாரும் விக்கறதில்ல. நாங்களே செஞ்சுக்கினாத்தான் உண்டு."

"எத்தினி பேரு டாக்டர் நீங்க?"

"என்னையும் சேர்த்து ஆறு பேர்."

வாய் அச்சு எடுக்கும் சிலிக்கானிலேயே முயன்றேன். ஜன்னல் கம்பிகள் மூன்று முறை உடைந்தன. நான்காவது முறை கலவையை இளக்கமாக்கி, காற்றுக் குமிழி வராமல் அழுத்தக் கலத்துக்குள் வைத்து எடுத்தேன். அச்சை உரித்தபோது ஒரு கம்பியும் அறுந்திருக்கவில்லை. விளக்குக்கு நேரே பிடித்து ஒரு பக்க ஜன்னல் வழியே மறுபக்கத்தைப் பார்த்தேன். அதற்கு முன் நான் செய்த எந்தப் பொருளையும் இன்னொருவர் வாய்க்குள் போகாமல் பார்த்ததில்லை.

டாக்டர் அதைப் படம் எடுத்துத் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அடுத்த வாரமே அந்த ஆறு பேரும் கேட்டார்கள். பிறகு அவர்களுக்குத் தெரிந்தவர்கள் கேட்டார்கள். அதுவரை அட்டையை வெட்டி ஒரு பெட்டி முடிக்க ஒருவருக்கு ஆறு மாதம் ஆகும். பாதியில் விட்டவர்களே அதிகம். இப்போது வண்ணம் அடித்துச் சக்கரம் மாட்டினால் போதும் என்றானது. கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர் வளைகுடாவில் வேலை செய்துகொண்டே, ஊருக்கு வருகிறவர்களிடம் சக்கரங்களைக் கொடுத்தனுப்பினார். கோயம்புத்தூரில் ஒரு இன்ஜினியர் எஞ்சினுக்கு அடிச்சட்டம் செய்தார். வாடகை வீட்டில் இருக்கிறவர்கள், ஒரு அலமாரித் தட்டு மட்டுமே தங்களுடையது என்று இருக்கிறவர்கள், பெரிய அளவை மூட்டை கட்டிவிட்டு எங்கள் அளவுக்கு வந்தார்கள். குழுவில் இருந்த ஒரே பெண் நான். எல்லோருக்கும் நான் ‘மேடம்’.

என் கணவன் டிப்பர் லாரி ஓட்டினான். விக்கிரவாண்டிப் பக்கம் கல்குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றும் வேலை. முதலில் அவன் பெட்டிகளைப் பார்த்துச் சிரித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் என் போனை எடுத்தான். சேலத்தில் தபால் ஆபீசில் இருந்து ரிடையர் ஆன ஒருவர் அனுப்பிய செய்தி திரையில் இருந்தது.

"‘உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும் மேடம்.’" சத்தமாகப் படித்தான். "இன்னாடி இது? உன் கைக்குக் காப்பு போட இவன் யாரு?"

"வயசானவருங்க. நான் அவர பார்த்தது கூட இல்லீங்க."

"பாக்காமயே காப்பு போடறானா?"

எழுந்து வந்து என் பின்னங்கழுத்தைப் பிடித்துத் தட்டை நோக்கி அழுத்தினான். ரசம் மூக்கில் ஏறியது. பிறகு பீரோவைத் திறந்தான். கீழ்த்தட்டில் என் அச்சுகள் இருந்தன, ஒன்றரை வருட வேலை. ஒவ்வொன்றாக எடுத்துக் கறிக்கத்தியால் கீறினான். சிலிக்கான் எளிதில் கிழியாது. அதனால் அவனுக்கு ஆத்திரம் கூடியது. கடைசி அச்சை எடுக்க நான் பீரோவுக்குள் கை விட்டேன். அவன் கதவைச் சாத்தினான்.

இரும்புக் கதவு. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். கதவைத் திறந்து என் விரல்களைப் பார்த்தான். பார்த்துவிட்டு மறுபடியும் சாத்தினான்.

முதல் முறை கோபம் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது முறைக்கு இன்றுவரை எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில், "கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு" என்றேன். பொய் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். அவன் பக்கத்தில் நின்று என் பையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்து இடது கையால் ஒரு கார்டு பெட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். சரக்கு ரயிலின் கடைசியில் வருமே, அந்தப் பெட்டி. இடது கைக்கு எதுவும் வரவில்லை. ஆனாலும் உட்கார்ந்திருந்தேன். அவன் லோடு இறக்கிவிட்டு வந்தான். என்னைப் பார்த்தான். பெட்டியைத் தரையில் தள்ளி, அதன்மேல் காலை வைத்து மெதுவாக மிதித்தான். அது நொறுங்கும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுந்து மாவுக்கட்டால் அவன் வாயில் அடித்தேன். முழு பலத்தோடு. என் விரல்களில் ஏறிய வலியில் கண் இருட்டியது. அவன் கீழே உட்கார்ந்து கையில் துப்பினான். மேல்வரிசை, இடதுபக்கம், இரண்டாவது பல். வேரோடு வந்திருந்தது. எத்தனையோ முறை மெழுகில் கட்டிய பல். ரத்தத்தோடு பார்ப்பது அதுவே முதல் முறை.

"அடிச்சிட்டியா?" என்றான். அவன் குரலில் கோபத்தைவிட ஆச்சரியமே அதிகம்.

அவன் எழுவதற்குள் செருப்புகூடப் போடாமல் வெளியே வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு பூக்காரம்மா என் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு, யாருடையது என்று கேட்டார். "என்னுது இல்லம்மா" என்றபோது எனக்கு ஒரு பெருமை இருந்தது. இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

திண்டிவனத்தில் என் அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். அவள் வீட்டில் தங்கினேன். டாக்டர் தன் கிளினிக்குக்குப் பின்னால் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தார். காலையில் பல், மாலையில் பெட்டி. ஆள்காட்டி விரல் மடங்காமலே நின்றுவிட்டதால் கத்தியை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். பழைய சுத்தம் வர ஒரு வருடம் பிடித்தது. அந்த ஒரு வருடமும் குழுவில் யாரும் அவசரப்படுத்தவில்லை. பெட்டிக்குக் காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. புதிதாக வருகிறவர்கள் பெயரை நினைவில் வைக்க முடியாத நிலை வந்தபோது, பொதுமக்களுக்கு ஒரு கண்காட்சி வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

காதுகுத்து, சீமந்தம் நடக்கும் ஒரு சின்ன மண்டபத்தை எடுத்தோம். ஆளுக்கு ஒரு மேசை செய்து வந்து இணைத்தார்கள். திண்டிவனம், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம் என்று அந்தக் காலத்து மீட்டர் கேஜ் பாதை முழுக்க ஒரே கோட்டில் ஓடியது. காலை பத்து மணிக்கெல்லாம் கூட்டம். குழந்தைகளோடு வந்தவர்கள், பக்கத்துப் பூ மார்க்கெட்டில் இருந்து எட்டிப் பார்த்தவர்கள், ரயில்வேக்காரர்கள். கோயம்புத்தூர் இன்ஜினியர் மைக்கில், "கவனிக்கவும், மயிலம் வழியாக விழுப்புரம் செல்லும் பயணிகள் ரயில்" என்று நிஜ ஸ்டேஷன் போலவே அறிவித்துக்கொண்டிருந்தார். சேலத்துக்காரரை அன்றுதான் முதலில் நேரில் பார்த்தேன். மெலிந்த உருவம், தடித்த கண்ணாடி. என் கையைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டார்.

பதினோரு மணி வாக்கில் என் கணவன் உள்ளே வந்தான். லாரி டயர் கழட்டும் ஸ்பேனர் கையில் இருந்தது.

"எங்கடி உன் ஆளுங்க? எல்லாரையும் ஒண்ணா பாக்கணும்னுதான் வந்தேன்!"

முதல் அடி பேரணி ஸ்டேஷன் மேல் விழுந்தது. மேசை இரண்டாகப் பிளந்து, தண்டவாளம் சுருண்டு எழுந்தது. அடுத்தது மயிலம். பெட்டிகள் சுவரில் போய் மோதின. யாரோ ஒரு அம்மா குழந்தையை இடுப்பில் அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அவன் மேசை மேசையாக உடைத்துக்கொண்டே என்னிடம் வந்தான். தலையைக் குறிவைத்து ஓங்கினான். நான் திரும்பியதால் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தத்தை நான் கேட்டேன்.

டாக்டர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு பாய்ந்து அவனைத் தள்ளினார். அவன் மல்லாக்க விழுந்தான். ஸ்பேனர் தரையில் வழுக்கி மேடைக்கு அடியில் போனது. அவன் கையில் இப்போது ஒன்றும் இல்லை. அத்தோடு அது முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. டாக்டர் அவன் முகத்தில் உதைத்தார். தாடை எலும்பு எங்கே மெலிது என்று தெரிந்த மனிதர், அங்கேயே உதைத்தார். இன்ஜினியர் என் பக்கத்து மேசையில் மைக்கைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். பிறகு ஏழெட்டுப் பேர். சேலத்துக்காரரின் கண்ணாடி கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, வேட்டியில் துடைத்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மறுபடியும் விலாவில் உதைத்தார். ஒரு மில்லிமீட்டர் ஆணிக்காக மாதக்கணக்கில் விவாதித்தவர்கள். யாரிடமும் குரல் உயர்த்தி நான் கேட்டிராதவர்கள்.

நான் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். எனக்கு இனித்தது. இதை எழுதக் கூடாது என்று பல முறை நினைத்தேன். ஆனால் இனித்தது. பீரோக் கதவு இரண்டாவது முறை சாத்தியதற்கு ஒன்று, ரசத் தட்டுக்கு ஒன்று என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன்.

பிறகு அவன் சத்தம் மாறியது. திட்டு நின்று, தொண்டைக்குள் ரத்தம் கொழகொழக்கும் ஒலி மட்டும் வந்தது. மைக் எனக்குக் கையெட்டும் தூரத்தில் கிடந்தது. எடுத்தேன்.

"நிறுத்துங்க. செத்துருவாரு."

மண்டபத்தின் நாலு மூலையிலிருந்தும் என் குரல் வந்தது. எல்லோரும் நின்று கூரையைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் இன்னொரு உதை உதைத்துவிட்டு நின்றார்.

நடந்ததை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். ஊரெல்லாம் பரவிய வீடியோ, அவன் ஸ்பேனரோடு நுழைவதில் தொடங்கி, டாக்டர் நாற்காலியோடு பாய்வதில் முடிந்தது. மிச்சத்தை யாரும் போடவில்லை. கருணையான பல் டாக்டர், ஆதரவில்லாத பெண், அழகான குட்டி ரயில்கள், குடிகாரப் புருஷன். அவன் அன்று குடித்திருக்கவில்லை என்பதை நான் மட்டும்தான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. அத்தனை வருடம் பெட்டி பெட்டியாகச் செய்தும் கிடைக்காத பெயர் ஒரே வாரத்தில் எங்கள் ரயில்களுக்குக் கிடைத்தது. ஒன்றுக்கு நூற்றிருபது என்றால் என்ன என்று எங்கெங்கோ இருந்து கேட்டார்கள். குழுவை இரண்டாகப் பிரிக்க வேண்டிய அளவுக்கு ஆள் சேர்ந்தது. என் தோளில் கட்டோடு, வந்து குவியும் ஆர்டர்களைப் பார்த்துக்கொண்டு அக்கா வீட்டில் படுத்திருந்தேன்.

அவனுக்குத் தாடை உடைந்து, விலா எலும்புகள் முறிந்து, இடது கண்ணில் பார்வை பாதி போயிருந்தது. போலீஸ் விசாரித்தது. வாக்குமூலத்துக்கு முந்தின நாள் மாலை டாக்டரும் சேலத்துக்காரரும் அக்கா வீட்டுக்கு வந்தார்கள்.

"அவன் மேசை மேல விழுந்ததுல பட்ட காயம்னு சொன்னாப் போதும்மா," என்றார் டாக்டர். கண்ணைப் பார்க்காமல் பேசினார். "எல்லாரும் அப்படித்தான் சொல்றோம்."

"கீழ விழுந்தப்புறம் உதைச்சத நான் பார்த்துக்கினு இருந்தேன் டாக்டர்."

சேலத்துக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "உனக்கோசரம்தானம்மா பண்ணோம். நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி."

அவர்கள் போனதும் அக்கா என்மேல் பாய்ந்தாள். "வாய மூடிக்கினு இரு! அவங்க இல்லன்னா அன்னைக்கே நீ பொணம். பேஜாரு புடிச்சவளே, அவனுக்கா சாட்சி சொல்லப் போற?"

மறுநாள் ஸ்டேஷனில் ஒரு பெண் எஸ்.ஐ.யிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பீரோவில் இருந்து தொடங்கினேன். ஆஸ்பத்திரியில் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். நான் பல்லை உடைத்ததைச் சொன்னேன். ஸ்பேனரைச் சொன்னேன். ஸ்பேனர் போன பிறகு யார் யார் உதைத்தார்கள் என்பதையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "நல்லா யோசிச்சுச் சொல்லுமா, உனக்கு நல்லது பண்ணவங்க" என்றார்.

"ஆமாங்க. அவங்களும்தான் அடிச்சாங்க."

இரண்டு பக்கமும் வழக்கு பதிவானது. அன்று மாலையே என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். கிளினிக் அறைக்குப் புதுப் பூட்டு வந்தது. என் சாமான்கள் நாலு அட்டைப் பெட்டிகளில் அக்கா வீட்டு வாசலில் இருந்தன. ஒழுங்காகப் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு அச்சுகூடச் சேதமில்லை.

கணவனை ஒரே ஒரு முறை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். விவாகரத்துக்கு மனு போடப்போவதை நேரில் சொல்லப் போனேன். தாடையைக் கம்பியால் கட்டியிருந்ததால் பல்லைக் கடித்தபடியே பேசினான்.

"எனக்கோசரமா சொன்ன?"

"இல்ல. நான் பார்த்தத சொன்னேன். உன்னையும் சேர்த்துத்தான் சொன்னேன்."

கல்யாணமானதிலிருந்து அவனை நான் ஒருமையில் கூப்பிட்டதில்லை. அவன் அதைக் கவனித்தானா என்று தெரியாது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். விவாகரத்து அடுத்த வருடம் கிடைத்தது. அவனுக்கும் அவர்களுக்கும் இடையிலான வழக்கு இன்னும் வாய்தாவில் இருக்கிறது.

இப்போது மரக்காணம் ரோட்டில் தகரக் கூரை போட்ட ஒரு கடை எனக்கு இருக்கிறது. முன்பக்கம் பல், பின்பக்கம் ரயில். என்னை நீக்கிய குழுவில் இருப்பவர்களே வேறு பெயரில், வேறு எண்ணில் இருந்து பெட்டி கேட்கிறார்கள். எழுத்து நடையிலேயே யார் என்று தெரிந்துவிடும். அனுப்பிவிடுகிறேன். எங்களைப் பற்றி எதுவுமே தெரியாத புதியவர்களும் வருகிறார்கள். குயிலாப்பாளையத்தில் இருந்து அக்கா தங்கை இருவர் வந்து, பாலங்கள் செய்யப் போவதாகச் சொல்லி அளவு கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். அந்த அளவில் ரயில் செய்கிறவர்கள் கூடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு காலை டாக்டர் வந்தார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வெயிலிலேயே நின்றார். நான்தான் உள்ளே கூப்பிட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்து, உலர வைத்திருந்த பெட்டிகளைப் பார்த்தார். எதையும் தொடவில்லை.

"அதுக்கு முன்னாடி நான் யாரையும் உதைச்சதில்லம்மா," என்றார். "நிறுத்தணும்னு தோணவே இல்ல. காலு தன்னால போச்சு. இப்ப பேஷன்ட் வாயத் திறந்தா அவன் முகம்தான் தெரியுது."

அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது வேறு ஒன்று. எஸ்.ஐ.யிடம் சொல்லாமல் விட்ட ஒரே விஷயம்.

"மைக் முதல்ல இருந்தே என் பக்கத்துலதான் டாக்டர் இருந்துச்சு. நான் எடுக்கல. எல்லாரும் நல்லா உதைக்கட்டும்னு நின்னுக்கினு இருந்தேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்குப் பிறகு அப்போதுதான் என் கண்ணைப் பார்த்தார். வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

பிறகு அவர், ஒரு நோயாளிக்குக் கீழ்வரிசைப் பல்செட் அவசரமாக வேண்டும், செய்து தர முடியுமா என்று கேட்டார். அச்சைக் கொண்டுவந்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். சுத்தமாக எடுத்திருந்தார். வியாழக்கிழமை வரச் சொன்னேன்.